கடல்கட்டியும் சபைக்கூச்சமும்

நாலு பேர் பார்க்கிற இடத்தில் பேச, சாப்பிட, கையெழுத்துப் போட நேரும்போதெல்லாம் ஏதாவது தவறு செய்து அவமானப்பட்டுவிடுவோம் என்று ஓயாமல் பயப்படுவதைச் சமூகப் பதற்றம் என்கிறார்கள். கூச்சம் எல்லாருக்கும் உண்டு. பெண் பார்க்கப் போனவருக்கும், வேலையில் முதல் நாள் சேர்ந்தவருக்கும் சற்று நேரம் நாக்கு ஒட்டிக்கொள்ளும். காபி வந்ததும் சரியாகிவிடும். சமூகப் பதற்றம் அப்படிக் காபியோடு போவதில்லை. நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும். முடிந்து ஒரு மாதம் ஆன பிறகும் நடுராத்திரியில் வந்து எழுப்பும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காராமல் நழுவுவது, பட்டம் வாங்கியும் நேர்முகத் தேர்வுக்குப் போகாமல் இருப்பது, வங்கியில் படிவம் நிரப்பும்போது கை நடுங்குமே என்று தம்பியை அனுப்பிவைப்பது என்று, வாழ்க்கையை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடும். அந்தக் கட்டத்தில்தான் மருத்துவம் அதை நோய்க் கணக்கில் சேர்க்கிறது.

மற்றப் பயங்களிலிருந்து இதைத் தனியாகப் பிரித்துக் காட்டியவர்கள் ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்ற இரு மனநல மருத்துவர்கள், ஆண்டு 1966. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980இல் இது இடம்பெற்றது. ஆறு மாதங்களாவது நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ கெடுத்தால்தான் நோய் என்று சொல்ல வேண்டும் என்பது இன்றைய விதி. பெரும்பாலும் 13 வயதை ஒட்டித் தொடங்குகிறது. 2005இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றின்படி, நூற்றில் 12 பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது இது வந்திருக்கிறது. இந்தியக் கணக்குகள் இதைவிடக் குறைந்த எண்ணையே காட்டுகின்றன. முன்பின் தெரியாதவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லவே பயப்படுகிறவர்களைக் கதவு தட்டி எண்ணுவதில் ஒரு சிக்கல் இருக்கத்தான் செய்யும்.

திருக்குறளின் 73ஆவது அதிகாரம் 'அவை அஞ்சாமை'. போர்க்களத்தில் பகைவர் நடுவே போய்ச் சாகத் துணிந்தவர்கள் பலர் உண்டு, அவையில் அஞ்சாமல் நின்று பேசுகிறவர்கள் சிலரே என்கிறது அதில் ஒரு குறள். தூத்துக்குடிக் கடற்கரையில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. பல ஆளுயர ஆழத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு சங்கு எடுத்து வருகிறவர், ஒரு சான்றிதழ் கேட்பதற்குத் தாலுகா அலுவலக வாசலில் அரைமணி நேரம் தயங்கி நிற்பார். உடம்பைப் பொறுத்தவரை இரண்டும் ஆபத்துதான். மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதி மணியடித்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, ஓடுவதற்கும் அடிப்பதற்கும் வேண்டிய ரத்தம் கைகால் தசைகளுக்குப் போகிறது. சுறாவைக் கண்டால் உதவுகிற இந்த ஏற்பாடு, மேலாளரைக் கண்டால் உதவுவதில்லை.

பயம் ஏன் வருகிறது என்பதைவிட, வந்த பயம் ஏன் போக மறுக்கிறது என்ற கேள்விக்குத்தான் கடந்த நாற்பது ஆண்டுகளில் நல்ல விடை கிடைத்திருக்கிறது. அந்த விடையை விளங்கிக்கொள்ள இந்தக் கரையின் பழைய வழக்கம் ஒன்று உதவும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு பல நூற்றாண்டுகள் நடந்தது. சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பு கூடும் காலத்தில் நூற்றுக்கணக்கான தோணிகள் சிப்பி கிடைக்கும் கடலடிப் பார்களை நோக்கிப் போகும். குளிக்கிறவர் கல்லில் கால் வைத்துக் கடலடிக்கு இறங்குவார். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக அங்கே இருந்து சிப்பிகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். கயிறு பிடிக்கிறவர் மச்சானாக இருப்பது வழக்கம் என்று இன்றும் சொல்கிறார்கள். தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் அவர் கயிற்றை விடமாட்டார் என்பது கணக்கு. ஆனால் சுறா வந்தால் மச்சானால் என்ன செய்ய முடியும்? அதற்குத்தான் கடல்கட்டி இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர் அவர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பெருமீன்களைக் கட்டுகிறவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார். மந்திரம் பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், 1530களில் இந்தக் கரையின் மீனவர்களான பரதவர் திரளாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள், 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார், பிறகு டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். கடல்கட்டி மட்டும் போகவில்லை. பரம்பரையாக அந்தத் தொழிலைச் செய்த குடும்பத்தவர் கத்தோலிக்கராகவே இருந்தார் என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். மந்திரத்தில் துளியும் நம்பிக்கையில்லாத ஆங்கில அரசும் அவரை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் இல்லையென்றால் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. குளிப்பு நடக்காவிட்டால் அரசுக்கு வருமானமில்லை.

வளைகுடாவின் முத்துக்குளிப்பில் சுறா தாக்கியது மிக அரிது. நூற்றுக்கணக்கான தோணிகளும் ஆயிரக்கணக்கான ஆட்களும் எழுப்பும் இரைச்சலில் சுறா கிட்டே வராது என்று அந்தக் காலத்துப் பார்வையாளர்களே எழுதினார்கள். ஆனால் சுறா வராத ஒவ்வொரு நாளும் குளிக்கிறவரின் மனதில் கடல்கட்டியின் கணக்கில்தான் வரவானது. சுறா வந்த நாளிலும் அந்தக் கணக்கு குறையவில்லை. குளித்தவர் ஒருவரின் காலைச் சுறா கடித்துவிட்டபோது கடல்கட்டியைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். மலையாளக் கரையிலிருந்து வந்த கிழவி ஒருத்தி எதிர்மந்திரம் போட்டுவிட்டாள், அதனால்தான் இப்படி ஆனது என்று அவர் பதில் சொன்னதாக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட குறிப்பொன்று சொல்கிறது.  ஆபத்து வராவிட்டால் காப்புக்குப் பெருமை. வந்துவிட்டால் காப்பு போதவில்லை என்ற முடிவு. கடலில் உண்மையிலேயே எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள வழியே இல்லாமல் போயிற்று. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

பதற்றம் உள்ளவரின் மனதுக்குள்ளும் இதே கணக்குதான் ஓடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991இல் இதைத் தெளிவாக எழுதினார். மாரடைப்பு வந்து செத்துவிடுவோம் என்று நூறு முறை பயந்தவர், நூறு முறையும் சாகவில்லை. பிறகும் ஏன் பயம் போகவில்லை? ஒவ்வொரு முறையும் அவர் எதையோ பிடித்துக்கொண்டார், உட்கார்ந்தார், மாத்திரை டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். பிழைத்ததற்கு அதுதான் காரணம் என்று மனம் குறித்துக்கொண்டது. இப்படிப்பட்ட செயல்களுக்குக் காப்புச் செயல்கள் என்று பெயர். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995இல் இந்தக் கருத்தைச் சமூகப் பதற்றத்துக்குப் பொருத்தினார்கள். இன்றைய சிகிச்சை பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காப்புச் செயல்கள் வெளியே தெரியாத அளவுக்குச் சாதாரணமானவை. கூட்டத்தில் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பது ஒன்று. வகுப்பில் கடைசி பெஞ்ச், விசேஷத்தில் தூணோரம். பேசவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் நாலு முறை ஓட்டிப் பார்ப்பது. ஓட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். வேர்வை தெரியாமலிருக்கச் சித்திரை வெயிலிலும் கறுப்பு முழுக்கைச் சட்டை. எங்கே போனாலும் கூட ஒரு நண்பர். தன்னைப் பற்றி யாரும் கேட்டுவிடாதபடி எதிராளியிடமே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பதும் ஒரு வகை. இவர்களை ஊரே கலகலப்பானவர் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

கடல்கட்டியால் கடலுக்குக் கெடுதல் ஏதுமில்லை. மனிதர்களிடையே காப்பு அப்படிச் சும்மா இருப்பதில்லை. எதற்குப் பயந்தாரோ அதையே கொண்டுவந்து சேர்க்கும். கை நடுங்கக் கூடாதென்று டம்ளரை இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் கூடும். வேர்வையை மறைக்கப் போட்ட சட்டை வேர்வையைப் பெருக்கும். செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பவரைப் பற்றி, "படிச்சிட்டான்லா, நம்மகிட்ட எல்லாம் பேசுவானா?" என்று பக்கத்திலிருக்கிற பெரியவர் சொல்லுவார். கூச்சத்துக்குத் திமிர் என்று பெயர் விழுவது இப்படித்தான்.

காப்புக்கு அடுத்தபடியாகப் பயத்தை வளர்ப்பது, கவனம் தன் பக்கமே திரும்பிவிடுவது. பதற்றம் உள்ளவர் பேசும்போது எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. தன் குரல் எப்படி இருக்கிறது, முகம் எப்படிப் போகிறது என்று உள்ளே ஒரு கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கண்ணாடி பொய் சொல்லும். உள்ளே உணர்கிற பதற்றம் அத்தனையும் வெளியே தெரிவதாகக் காட்டும். மற்றவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எண்ணுவதால்தான் முகம் சிவக்கிறது என்று சார்லஸ் டார்வின் 1872லேயே விளக்கமாக எழுதியிருக்கிறார்.

மற்றவர்கள் உண்மையில் எவ்வளவு கவனிக்கிறார்கள்? தாமஸ் கிலோவிச்சும் அவரது குழுவினரும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2000இல் வெளிவந்தது. போடவே கூச்சப்படும்படியான ஒரு பாடகர் படம் போட்ட சட்டையை மாணவருக்கு மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று சட்டை போட்டவர் மதிப்பிட்டார். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். அவரவருக்கு அவரவர் சட்டையைப் பற்றிய கவலை.

கவனம் வெளியே திரும்பும்போது என்ன நடக்கிறது என்பதற்கு மோகன்தாஸ் காந்தியின் வாழ்க்கையைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. லண்டனில் சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்த காலத்தில் அவர் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. ஒரு முறை கருத்தை எழுதி எடுத்துச் சென்றார். அதை வாசிக்கவும் முடியாமல் வேறொருவர் வாசிக்க நேர்ந்தது. 1891இல் ஊர் திரும்புவதற்கு முன் நண்பர்களுக்கு அவர் அளித்த விருந்தில், தயாரித்து வைத்திருந்த பேச்சின் முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. பம்பாயில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அதே மனிதர் 1893இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்கள் கூடிய கூட்டத்தில் பேசினார். தம் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று அதைத்தான் பிற்பாடு குறிப்பிட்டார். இரண்டே ஆண்டுகளில் கூச்சம் மாயமாகிவிடவில்லை. அது முழுவதுமாகத் தம்மை விட்டுப் போகவே இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பிரிட்டோரியாவில் அவர் பேச நினைத்தது வணிகத்தில் உண்மையாக நடப்பதைப் பற்றியும், அங்கிருந்த இந்தியர்கள் படும் இடர்களைப் பற்றியும். அந்த இடர்களில் சிலவற்றை ரயிலிலும் வழியிலும் அவரும் அப்போதுதான் பட்டிருந்தார். சொல்ல வேண்டிய விஷயம் பெரிதாக இருந்ததால், சொல்லுகிறவரைப் பற்றிய கவலைக்கு மனதில் இடமில்லாமல் போயிற்று என்று கொள்ளலாம்.

தாழ்வு மனப்பான்மை சமூகப் பதற்றத்தோடு ஒட்டியே வரும். ஆனால் அதன் வேர் எப்போதும் பயப்படுகிறவரின் மனதில்தான் இருக்கிறது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். 1894இல் டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்குப் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலித் தொழிலாளி வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து வாயில் ரத்தம். அந்த நிலையிலும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளையரைப் பார்க்கப் போகும் கூலிகள் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பழக்கப்படுத்தப்பட்டிருந்தார்கள். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று காந்தி சொன்ன பிறகும் தயங்கித்தான் கட்டினார். கட்டியபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது என்று காந்தி எழுதுகிறார். தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆதிக்கச் சாதியினர் முன் தோள் துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்கியதும் இதே கதைதான். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோளை மூடும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூரில் பல பத்தாண்டுகள் போராட்டம் நடந்து 1859இல்தான் அரசாணை வந்தது. இப்படிப்பட்ட மண்ணில் நாலு பேர் முன் குறுகி நிற்கிற ஒருவரிடம், எல்லாம் உன் கற்பனை என்று சொல்வது நியாயமாகாது.

இன்றும் கடற்கரைத் தெருவிலிருந்தோ உப்பளத் தொழிலாளி வீட்டிலிருந்தோ முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர் பேச்சு வழக்கால், நிறத்தால், சாதியால், ஆங்கிலத்தால் எடைபோடப்படுகிறார். கப்பல் நிறுவனங்களுக்கும் சரக்கு அனுப்பும் அலுவலகங்களுக்கும் ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வில் அந்த எடைபோடுதல் நடக்கத்தான் செய்கிறது. ஆகவே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் வராதது ஒரு குறை; 'நான் முதல்வன்' போன்ற அரசுத் திட்டங்களும் பயிற்சியும் அதைத் தீர்க்கும். ஆங்கிலம் நன்றாக வந்தும் வாய் திறக்க முடியாதது பதற்றம். அதற்கு இலக்கணப் புத்தகம் உதவாது. எதிரே இருப்பவர் உண்மையிலேயே இழிவாக நடத்துகிறார் என்றால் அது மூன்றாவது விஷயம். அதற்கு வேண்டியது நியாயம், சிகிச்சையல்ல.

குழந்தைப் பருவத் தனிமையும் ஒரு காரணம், ஆனால் விதியல்ல. எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த சுப்பிரமணிய பாரதி, மற்றப் பிள்ளைகள் தெருவில் ஓடியாடுவதைப் பார்த்துக்கொண்டு, தந்தையின் கண்டிப்பால் விளையாட்டும் தோழருமின்றி வளர்ந்ததைத் தம் சுயசரிதைக் கவிதையில் பாடியிருக்கிறார். அவர் பின்னாளில் எழுதிய புதிய ஆத்திசூடி அச்சத்தைப் பற்றிய கட்டளையோடுதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அடித்துச் சொல்ல முடியாது. நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

சிகிச்சையின் அடிப்படை எளிது, செய்வதுதான் கடினம். பயப்படுகிற இடங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, காப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்குவதற்கு முன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறோமோ அதை ஒரு நோட்டில் எழுதவேண்டும். கரையேறிய பின் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதவேண்டும். எழுதாவிட்டால் மனம் பழைய கணக்கையே காட்டும்.

தூத்துக்குடி மாணவர் ஒருவருக்கு முதல் நிலை, பழைய பேருந்து நிலையத்தில் திருச்செந்தூர் வண்டி எங்கே நிற்கும் என்று, தெரிந்திருந்தும், ஒரு பெரியவரைக் கேட்பதாக இருக்கலாம். அடுத்து, பேக்கரியில் மக்ரூன் என்ன விலை என்று கேட்டுவிட்டு வாங்காமல் வருவது. பலருக்கு இது சாதாரணமாகத் தோன்றும்; பதற்றம் உள்ளவர்கள் கடைக்காரர் கோபிப்பாரோ என்று பயந்து வேண்டாத பொருளை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். ராத்திரி பரோட்டா கடையின் இரைச்சலில், "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் சால்னா ஊத்துங்க" என்று நாலு மேசைக்குக் கேட்கும்படி சொல்வது அதற்கடுத்தது. வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்பது, கோயிலில் ஞாயிறு திருப்பலி வாசகத்தை வாசிப்பது, திரேஸ்புரத்தில் மீன் ஏலத்தில் குரல் கொடுப்பது எல்லாம் பிறகு வரும். ஒரு நிலையில் பலமுறை நின்று, அலுப்புத் தட்டிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். அலுப்பு நல்ல அறிகுறி.

வேண்டுமென்றே தவறு செய்து பார்ப்பதும் இந்தச் சிகிச்சையில் உண்டு. டம்ளரைத் தளும்ப விட்டுப் பார்ப்பது, பேச்சின் நடுவே கொஞ்ச நேரம் சும்மா நிற்பது. உலகம் இடிந்து விழவில்லை என்று கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். வெற்றி கிடைப்பதுகூட அவசியமில்லை. அறிவுவழி உளச்சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான ஆல்பர்ட் எல்லிஸ், பெண்களிடம் பேசவே நடுங்கிய 19 வயதில், நியூயார்க்கின் தாவரவியல் பூங்காவில் ஒரே மாதத்தில் நூறு பெண்களிடம் வலியப் போய்ப் பேசினார். ஒருவர் மட்டும் மறுபடி சந்திக்கச் சம்மதித்தார், அவரும் வரவில்லை. எல்லிஸின் பயம் மட்டும் போய்விட்டது. இந்தக் கதையை அப்படியே நம்மூரில் செய்து பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காப்பு எல்லாவற்றையும் முதல் நாளே கழற்ற வேண்டுமா? இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொடக்கத்தில் காப்பை அளவோடு அனுமதித்தால் இறங்கவே மறுக்கிறவரையும் இறக்கிவிடலாம் என்று ஸ்டான்லி ராக்மன் முதலியோர் 2008இல் வாதிட்டார்கள். சலாபத்தை நடத்திய அதிகாரிகளும் அதைத்தான் செய்தார்கள்: கடல்கட்டியைக் கூலிக்கு வைத்தால் ஆள் இறங்குகிறான். அதிகாரிகளுக்குச் சிப்பி வந்தால் போதும்; பயம் போக வேண்டிய தேவையில்லை. சிகிச்சையில் காப்பு ஒரு நாள் போயாக வேண்டும். முதல் நேர்முகத் தேர்வுக்கு வாசல் வரை அண்ணன் வரலாம். ஐந்தாவது தேர்வுக்கும் அவர் வந்துகொண்டிருந்தால் எதுவும் மாறவில்லை என்று பொருள். மூச்சுப் பயிற்சிக்கும் இது பொருந்தும். மெதுவாக மூச்சை வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணியும், உண்மை. ஆனால் மூச்சை எண்ணாமல் வாயைத் திறக்கவே மாட்டேன் என்ற நிலை வந்தால் அதுவும் ஒரு கட்டு மந்திரமாகிவிடும்.

நிகழ்ச்சி முடிந்த பின் வரும் மனப்பிரேதப் பரிசோதனை தனியாகக் கவனிக்க வேண்டியது. 'நேற்று அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது' என்று ராத்திரி முழுக்க அறுத்துப் பார்க்கிறபோது, நடந்ததில் மோசமானது மட்டும் பெரிதாகி, அடுத்த நிகழ்ச்சிக்கான பயமாகச் சேமிக்கப்படுகிறது. தவறைத் திருத்திக்கொள்வதாக நினைத்துத்தான் பலரும் இதைச் செய்கிறார்கள். நோட்டில் நடந்ததை ஒருமுறை எழுதிவிட்டு மூடிவிடுவதே போதும். பேசும்போது வீடியோ எடுத்து, அந்நியர் ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்க்கச் சொல்வதும் உண்டு. 'இவ்வளவு நடுங்கினேனா' என்று எதிர்பார்த்து உட்காருகிறவர், 'பரவாயில்லையே' என்று எழுவது வழக்கம்.

பிள்ளைகள் விஷயத்தில் பெரும்பாலும் பெற்றோரே கடல்கட்டியாக இருக்கிறார்கள். பாப்பாவிடம் டாக்டர் பெயர் கேட்டால் அம்மா சொல்லுவார். ஓட்டலில் பையனுக்கு என்ன வேண்டும் என்று அப்பா சொல்லுவார். வந்தவர்கள் முன் பாடச் சொல்லி வற்புறுத்துவதும், பாடாவிட்டால் "இவன் ரொம்பக் கூச்ச சுபாவம்" என்று பிள்ளையின் காதுபடச் சொல்வதும் அதே அளவு கெடுதல். பதில் வரும்வரை பத்து நொடி பொறுத்திருப்பது பெரியவர்களுக்குக் கடினமாக இருந்தாலும் பிள்ளைக்கு உதவும்.

கடற்கரையிலும் துறைமுகத்திலும் பலர் தாமாகவே கண்டுபிடித்து வைத்திருக்கும் மருந்து மது. ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் மைக் பிடிக்கத் துணிச்சல் வரும். மறுநாள் பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும், கூடவே குடிப்பழக்கமும் சேரும். மருத்துவர்கள் கொடுப்பது வேறு வகை மருந்து. செர்ட்ரலின், பராக்ஸெட்டின் போன்றவை மூளையில் செரட்டோனின் செயல்பாட்டை மாற்றிப் பதற்றத்தைக் குறைக்கின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். திடீரென்று நிறுத்தக் கூடாது. ஒரே ஒரு மேடைக்கு மட்டும் நடுக்கத்தைக் குறைக்க ப்ரோப்ரனலால் தருவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. இவற்றில் எதையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது.

பேச்சுச் சிகிச்சைதான் முதல் தேர்வாக இருக்கவேண்டும் என்று பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி 2013இல் பரிந்துரைத்தது; சுமார் நான்கு மாதங்களில் 14 அமர்வுகள் வரை. தமிழ்நாட்டில் அத்தனை அமர்வுக்கு ஆள் கிடைப்பது கடினம் என்பதே நிலை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாமல் இருப்பதாகக் கண்டது. சமூகப் பதற்றம் உள்ளவருக்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு: உதவி கேட்பதற்கே அந்நியர் ஒருவரிடம் பேச வேண்டும். மருத்துவமனை வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் ஊருக்குள் என்ன பேசுவார்கள் என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

அவர்களுக்கு முதலில் எளிதாக இருப்பது தொலைபேசிதான். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416; கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். நேரில் போக முடிந்தவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையோ, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ அணுகலாம். மனநலச் சிகிச்சை கேட்டுப் பெறுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உரிமை. நேரில் சொல்ல வாய் வராதென்று தோன்றினால், பயப்படுகிற இடங்களையும் பிடித்துக்கொள்ளும் காப்புகளையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டலாம். முதல் சந்திப்பில் அவர் கேட்கப் போகிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில் பதில் இருக்கும்.